தவில் பேசாத நாற்பது ஆவர்த்தனம்

போன வருடம் சித்திரை மாதம், செஞ்சியில் நடந்தது இது. கோட்டைக்குப் போகும் சாலையை ஒட்டியிருக்கும் ஓர் அம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா. எட்டாம் நாள் மாலை நடக்க வேண்டிய ஒரு வாசிப்பு, நான் எழுதிய ஒன்பது வரிச் செய்தியால் நின்றுபோனது.

நான் ஒரு நாளிதழுக்கு இந்தப் பகுதியிலிருந்து பகுதிநேரமாகச் செய்தி அனுப்புகிறவன். மழையில் நனைந்த நெல் மூட்டை, சிங்கவரம் சாலையில் கவிழ்ந்த டிராக்டர், குடிநீர் கேட்டு மறியல், இவைதான் என் செய்திகள். பெரிதாக எதையும் எழுதியதில்லை. ஆனால் எழுதியது எதுவும் தவறு என்று வந்ததில்லை. யார், எங்கே, எப்போது, எப்படி என்பதில் ஒன்று குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் அன்றைக்கு என் காலை வாரிவிட்டது.

அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு நாயனக்காரர் இருக்கிறார். நாதஸ்வரத்தை எங்கள் பக்கம் நாயனம் என்றுதான் சொல்வோம். வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று ஊதுகிறவர். இந்தத் திருவிழாவுக்கு நான்கு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் அவர் ஊதியதை யாரோ ஃபோனில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்த தவில்காரர் ஒருவர் அதைக் கேட்டு, அதன் மேலேயே தன் தவிலை வாசித்துச் சேர்த்து இவருக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, உங்கட நாயனத்துக்குப் பக்கத்தில கொஞ்ச இடம் காலியாக் கிடந்தது. கேக்காமல் வந்து குந்திட்டன். கோவிக்காதேங்கோ."

அப்படித் தொடங்கியது. நேரடியாக வீடியோ காலில் சேர்ந்து வாசிக்கப் பார்த்திருக்கிறார்கள். முடியவில்லை. இங்கே ஊதுவது அங்கே போய்ச் சேர்வதற்குள் அரை அட்சரம், அதாவது தாளத்தில் அரை எண்ணிக்கை, பின்தங்கிவிடும். அங்கே அடிப்பது இங்கே வரும்போது இன்னொரு அரை. தாளம் சேரவே சேராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இவர் முதலில் ஊதி, பதிவு செய்து அனுப்புவார். தவில் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வரும்போது நாயனத்தை மடியில் வைத்துவிட்டு, "அண்ணே, இது உங்க எடம்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு, வெறும் தாளத்தை மட்டும் கையால் போட்டுக்கொண்டிருப்பார். சரியாக நாற்பது ஆவர்த்தனம், அதாவது நாற்பது தாளச் சுற்று. அது முடிந்ததும் மறுபடி நாயனத்தை எடுப்பார். அவர் அங்கே அந்தக் காலி இடத்தில் தவிலை நிரப்பி அனுப்புவார். நான்கு வருடம் இப்படியே போயிற்று. இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

எட்டாம் நாள் மாலைதான் அந்த முதல் தடவை.

விழாக் குழுத் தலைவர் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். நாயனக்காரர் போய்க் கேட்டதும் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரே பத்தடி ஃப்ளெக்ஸ் வைத்தார். 'யாழ்ப்பாணம் தவில்' என்ற எழுத்து அம்மன் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. விசா என்ற சொல் யார் மண்டையிலும் உதிக்கவில்லை. பிறகு நான் கேட்டபோது தலைவர் சொன்னார்: "ஃபாரின்னா வெள்ளக்காரன்தானய்யா? இந்தாளு தமிழ் பேசறாரு, இட்லி சாப்புடறாரு, விபூதிப் பட்ட போட்டுக்கினு வராரு. இவருக்கு இன்னா விசா?"

உண்மையைச் சொன்னால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இந்தத் தவறைத்தான் செய்திருப்பார்கள். கோட்டையைப் பார்க்கக் கேமராவோடு வருகிறவர்தான் எங்களுக்கு வெளிநாட்டுக்காரர். மேளம் வாசிக்க வருகிறவர் வெளியூர்க்காரர், அவ்வளவுதான்.

தவில்காரர் ஆறாம் நாளே வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் வயது. ஒல்லியான ஆள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். "தவில் எங்கே ஐயா?" என்று கேட்டேன். "தவில் இஞ்ச இருக்குதுதானே தம்பி. விரலும் கழியும்தான் கொண்டு வந்தனான்" என்றார். நாயனக்காரர் அவருக்கென்று ஒரு தவிலை வாரம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அவர் விரல் கூடு செய்துகொண்டிருந்தார். தவிலின் வலது பக்கத்தை வெறும் விரலால் வாசிக்க முடியாது. துணி நாடாவைப் பசையில் நனைத்து ஒவ்வொரு விரலிலும் சுற்றி, காயவைத்து, மேலே இன்னொரு சுற்று சுற்றி, கல் மாதிரி ஆகும்வரை பொறுக்க வேண்டும். பழைய கூடு இருந்தும் புதிதாகச் செய்தார். ஏன் என்று கேட்டேன். "நாலு வருசம் பாத்திருந்த கலியாணம். பழஞ்சட்டையோட போகேலுமோ?" என்றார்.

நான் குறிப்பெடுத்தேன். வயது, ஊர், குரு, எத்தனை நாள் தங்கல். கடைசியாக, வழக்கம்போல, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று கேட்டேன்: "என்ன விசாவுல வந்தீங்க ஐயா?"

"டூரிஸ்ட் விசா" என்றார். தயங்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒரு நொடி உறுத்தியது. உறுத்தியதை விசாரிக்காமல் எழுதினேன். 'சுற்றுலா விசாவில் வந்துள்ள அவர், இன்று மாலை கோயிலில் தவில் வாசிக்கிறார்.' மறுநாள் காலைப் பேப்பரில் வந்த செய்தியின் ஆறாவது வரி. தகவல் சரியானது. தகவல் சரியாக இருந்தால் என் வேலை முடிந்தது என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, மாவட்டத்தில் வெளிநாட்டவர் வருகையைக் கவனிக்கும் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண். கூட உள்ளூர்க் காவலர் ஒருவர். அதிகாரி கையில் இருந்தது பத்தடி ஃப்ளெக்ஸின் படம் இல்லை. என் செய்தியின் நறுக்கு. ஆறாவது வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. தவில்காரரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க வந்ததுல ஒரு தப்பும் இல்ல ஐயா. ஊரைப் பார்க்கலாம், சாமி கும்பிடலாம், சொந்தக்காரங்க வீட்டுல சாப்பிடலாம். இந்த விசாவுல மேடை ஏறி வாசிக்க முடியாது."

தலைவர் குறுக்கே வந்தார். "அவரு ஒரு பைசா வாங்கலம்மா. அம்மனுக்கு வாசிக்கறாரு."

"அப்படி வாசிக்கலாமா கூடாதான்னு மேல எழுதிக் கேக்கணும் சார். பதில் வர்றதுக்குள்ள உங்க திருவிழா முடிஞ்சிடும்."

"அப்ப எந்த விசாவுல வரணும்?"

அதிகாரி கையிலிருந்த நறுக்கை மடித்தார். "வேலைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு இருக்கு. தொழிலுக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு இருக்கு. ஒருநாள் கோயில்ல வாசிச்சிட்டுப் போறவருக்கு எது பொருந்தும்னு உறுதியா என்னால சொல்ல முடியல" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பிடித்து என்ன? எழுந்து போகும்போது அவர் என்னைப் பார்த்தார். "செய்தி எழுதினது நீங்களா? எங்க பிரிவுக்குப் பேப்பர் கட்டிங் வந்துட்டா நாங்க பார்க்காம இருக்க முடியாது சார்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா நிருபரே, திருப்தியா? நாலு வருசமா காத்துக்கினு இருந்தவங்க வாயில மண்ணப் போட்டுட்ட. அந்த ஒரு வரிய எழுதாம இருந்தா உன் பேப்பர் வித்துருக்காதா?"

நாயனக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. சரிசெய்து வைத்திருந்த தவிலின் மேல் துண்டைப் போட்டு மூடினார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

தலைவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார். "அந்தம்மா போயாச்சி. ஃப்ளெக்ஸ எறக்கிடலாம். சாய்ந்தரம் தஞ்சாவூர் பக்கத்து ஆளுன்னு மைக்குல சொல்லிடலாம்."

"வாயத் தொறந்தா தெரிஞ்சிடும்ணே" என்றார் உள்ளூர்த் தவில்காரர். நாயனக்காரரோடு எப்போதும் வாசிக்கிறவர் இவர்.

"அவரு இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? மோளம் இன்னா இலங்க பாஷையா பேசப் போவுது?"

காவலர்கூடச் சிரித்துவிட்டார். அவர் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். "நா ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு ரவுண்ட்ஸ் போவேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

எல்லோரும் தவில்காரரைப் பார்த்தோம். அவர் தன் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கூடு அப்போதுதான் முழுதாகக் காய்ந்திருந்தது.

"நீங்கள் எல்லாரும் என்னில வச்சிருக்கிற அன்புக்கு நான் என்ன செய்வன் எண்டு தெரியேல்ல" என்றார். "ஆனால் விசா எடுக்கேக்குள்ள ஒரு படிவம் நிரப்பினனான். சும்மா பாக்கப் போறன் எண்டு எழுதிக் கையெழுத்து வச்சனான். இஞ்ச வந்து வாசிச்சால் அது பிழை எண்டு அப்ப விளங்கேல்ல. இப்ப விளங்கிட்டுது. அந்தக் கையெழுத்து வச்ச கையாலதானே தவிலும் வாசிக்கோணும்?"

"யாருக்குத் தெரியப் போவுதுங்க?" என்றார் தலைவர்.

"எனக்குத் தெரியும்தானே. இன்னொண்டும் இருக்கு. நான் இண்டைக்கு ஒளிச்சு வாசிச்சிட்டுப் போனால், நாளைக்கு எங்கட ஊரில இருந்து ஒரு பொடியன் நேர்மையா விசா கேக்கேக்குள்ள, உவையள் இப்பிடித்தான் எண்டு சொல்லி மறிப்பினம். எனக்குப் பின்னால வாறவன்ர கதவை நான் சாத்தலாமோ?"

சொல்லிவிட்டுக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரலில் ஒட்டிக் காய்ந்தவை; கழற்றும்போது வலித்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார்.

நான் அப்போதுதான் பக்கத்தில் போனேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் என் கையைப் பிடித்து, "நீங்கள் பொய் எழுதேல்லத்தானே தம்பி. பிறகென்ன? தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம் வாங்கோ" என்றார். நான்கு வருடக் கனவைக் கெடுத்தவனை டீ குடிக்கக் கூப்பிட்டவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மாலை ஆறு மணி. பகல் முழுக்க வெந்த பாறைகள் அனலை விட்டுக்கொண்டிருந்தன. கோயில் வாசல் நிறைந்திருந்தது. ஃப்ளெக்ஸைப் பார்த்து மண்டகப்பட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத் தவில்காரர் வாசிக்க மாட்டார் என்று மைக்கில் ஒரு வரி அறிவித்தார்கள். சலசலப்பு எழுந்து அடங்கியது. அவர் இரண்டாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எங்களைப் போலவே கேட்க வந்தவராக உட்கார்ந்திருந்தார். அந்த அதிகாரியும் வந்திருந்தார். சீருடை இல்லாமல், தூணோரம் நின்றுகொண்டிருந்தார். காவலர் பஸ் ஸ்டாண்டு ரவுண்ட்ஸுக்குப் போகவில்லை.

மேடையில் நாயனக்காரர், உள்ளூர்த் தவில்காரர், தாளம் போடுகிறவர். நாயனக்காரருக்கு வலது பக்கத்தில், துண்டால் மூடிய அந்தத் தவில் ஆள் இல்லாமல் இருந்தது. வாசிப்பு தொடங்கியது. நான் ஃபோனில் பதிவு செய்தேன். ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. பிறகு தவில் தனியாக வாசிக்க வேண்டிய கட்டம் வந்தது. உள்ளூர்த் தவில்காரர் தயாராவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கழியை மடியில் குறுக்கே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

நாயனக்காரர் நாயனத்தை மடியில் சாய்த்தார். மைக்கைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்க்காமல், சொன்னார்:

"அண்ணே, இது உங்க எடம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேடையில் தாளக்காரரின் சின்னத் தாளம் மட்டும் கேட்டது. டிங், டிங்.

முதல் அரை நிமிடம் கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாப்பா, கரண்ட் போயிடுச்சா?"

"மைக்கு வேல செய்யுது. மோளக்காரருக்குத்தான் பேட்டரி தீந்துடுச்சி போல."

சிரிப்பு. ஒரு பெண் குரல்: "டேய், சும்மா இருங்கடா. அங்க பாருங்க."

பார்த்தோம். இரண்டாவது வரிசையில் தவில்காரர் கண்ணை மூடியிருந்தார். இடது கை தொடையில் தாளம் போட்டது. வலது கை விரல்கள், கூடு இல்லாத வெறும் விரல்கள், முழங்காலுக்கு மேல் வேட்டியில் அசைந்தன. சத்தமே இல்லை. முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் நெருக்கமாக, பிறகு பார்வைக்குப் பிடிபடாத வேகத்தில். கூட்டம் அடங்கியது. திண்டிவனம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது தெளிவாகக் கேட்டது. யாரோ ஒருவர் தாளத்துக்குத் தொடையில் கை போடத் தொடங்கினார், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு ஒரு வரிசை முழுக்க. சத்தம் எழாமல், கையை அழுத்தி.

காவலர் அதிகாரியின் பக்கம் குனிந்து கேட்டது என் காதிலும் விழுந்தது. "மேடம், இப்ப இவரு வாசிக்கறாரா, வாசிக்கலியா?"

"நான் பாக்குற வரைக்கும் நாற்காலியில உக்காந்திருக்காரு" என்றார் அதிகாரி. அவர் கண்கள் அந்த விரல்களை விட்டு நகரவில்லை.

என் கண் மேடைக்கும் நாற்காலிக்கும் போய்ப் போய் வந்தது. பழக்க தோஷம், ஏதாவது சைகை நடக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நாயனக்காரரும் கண்ணை மூடியிருந்தார். இவர் அவரைப் பார்க்கவில்லை, அவர் இவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஓர் அடுக்கு மூன்று முறை வந்து முடியும் என்று மேளம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த விரல்களைப் பார்த்தே எனக்கு அது தெரிந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறையின் முடிவில் அவருடைய உள்ளங்கை தொடையில் விழுந்தது.

அதே அடியில் நாயனம் எழுந்தது.

அதற்கு ஒரு நொடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கூட்டம் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அது கைதட்டல் இல்லை, மூச்சை விட்ட சத்தம். தலைவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். அம்மனைப் பார்த்தா, நாற்காலியைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான்கு வருடமாக ஃபோனில் அரை அட்சரம் தள்ளித் தள்ளிப் போன தாளம், பத்தடி தூரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் சேர்ந்துவிட்டது.

பிறகு என் பதிவைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். அந்தக் காலி இடம் நான்கு நிமிடம் பதினாறு நொடி. சரியாக நாற்பது ஆவர்த்தனம்.

மறுநாள் காலை மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். எழுதியது நான். அதையாவது செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. விசா டெல்லி விவகாரம் என்பதால் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு. நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. முதல் வரியில் தவில்காரருக்கு நேர்ந்ததை எழுதினேன். அந்த வரியை அடிக்கச் சொன்னார் அவர். "எனக்கு நடந்ததை எழுதி என்ன? எனக்காக எழுதாதேங்கோ தம்பி. பிறகு வாறவைக்காக எழுதுங்கோ."

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒரு கோயிலோ சபையோ கல்லூரியோ அழைத்தால், சில நாள் வந்து வாசித்துவிட்டுத் திரும்பும் வெளிநாட்டுக் கலைஞருக்கென்று தெளிவாக ஒரு குறுகிய கால விசா வேண்டும். அழைப்புக் கடிதமே அதற்குப் போதுமான சான்றாக இருக்க வேண்டும். இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டும்.

நாயனக்காரர் மனுவை எட்டிப் பார்த்தார். "சார், வெளிய போறவங்களுக்கும் சேத்து எழுதுங்க" என்றார். "எனக்கும் ஒருவாட்டி வெளிநாட்டுக் கோயில்லருந்து கூப்ட்டாங்க. மூணு மாசச் சம்பளச் சீட்டு எங்கன்னு அந்த ஊரு எம்பசில கேட்டாங்க. நாயனம் ஊதறவனுக்கு ஏது சம்பளச் சீட்டு? முகூர்த்த நாளுதான் இருக்குது. காலண்டரக் காட்டுனேன். சிரிச்சிட்டு இல்லன்னுட்டாங்க."

அதையும் சேர்த்தேன். நம் நாடு மற்ற நாடுகளோடு பேசும்போது, மாதச் சம்பளம் இல்லாத கலைஞர்களின் நிலையையும் பேச வேண்டும் என்று.

கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த அதிகாரி வந்தார், அம்மனைக் கும்பிட. மனுவை வாங்கி இரண்டு முறை படித்தார். "நான் இதுல கையெழுத்துப் போட முடியாது" என்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு சொல்றேன், நீங்க வேணும்னா சேர்த்துக்கங்க. இந்த மாதிரி சந்தேகம் வந்தா மாவட்டத்துலயே கேட்டுத் தெரிஞ்சிக்க ஓர் இடம் வேணும். கேக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும்தான்."

மனுவிலேயே நல்ல வரி அதுதான். நான் எழுதியது இல்லை.

ஒரு மாதம் கழித்து நாடாளுமன்ற உறுப்பினர் பேருந்து நிழற்குடை ஒன்றைத் திறக்க வந்தார். கூட்டத்தில் முட்டி மோதி மனுவைக் கொடுத்தோம். "வெளிநாட்டுக் கலைஞர்னா ஸ்டார் நைட்டா?" என்று கேட்டார். "இல்லீங்க, நம்ம அம்மனுக்கு மோளம்" என்றார் தலைவர். உறுப்பினர் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தை உதவியாளரிடம் கொடுக்கப் போனவர், இரண்டாம் பக்கத்தைத் திருப்பி நின்றபடியே முழுதும் படித்தார். கேட்கிறேன் என்றார். உரிய துறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நாங்கள் நினைவூட்டல் அனுப்புவதை நிறுத்தவில்லை. தலைவருக்குக் கோபம் இருந்தாலும் முதல் கையெழுத்து அவருடையதுதான். "நிருபரே, உன் ஒரு வரி ஒருநாள்ல வேல செஞ்சுது. இந்த ரெண்டு பக்கம் எப்பய்யா வேல செய்யும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

சட்டம் செய்யும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். விதியை மீறச் சொல்லி ஊரே வழி காட்டியபோதும் மீறாமல் உட்கார்ந்திருந்தவருக்கு, நேர்வழியில் வர ஒரு கதவு வேண்டும். அவர் கேட்பது சலுகை அல்ல. எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பும் நாளில் அவர் அந்தச் சின்ன டப்பாவை நாயனக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் விரலுக்குச் செய்த கூடு இன்னொருவர் விரலுக்குப் பொருந்தாது. "எனக்குத் தெரியும். நான்தானே வந்து போடப்போறன். அதுவரைக்கும் இஞ்சயே கிடக்கட்டும்" என்றார். அவலூர்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் நான் நாயனக்காரர் வீட்டுக்குப் போய் அதைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போதும் யார், எங்கே, எப்போது, எப்படி என்று எல்லாவற்றையும் கேட்கிறேன், எதையும் விடாமல் எழுதுகிறேன். ஆனால் உறுத்துகிற வரி ஒன்று வந்தால் பேனாவை வைத்துவிட்டு முதலில் அதை விசாரிக்கிறேன், அந்த விசாரிக்கும் நேரத்தில் மடியில் சத்தமில்லாமல் அசைந்த அந்த ஐந்து விரல்களும் என் கண் முன்னால் வந்துவிடுகின்றன.